பதினேழு நாள் இடைவெளி

ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் முதல் காரியமாக ஒரு கடையில் ரொட்டி கேட்டேன். கடைக்காரர் பேக்கரியில் சுட்ட பாணை வெட்டித் தட்டில் வைத்தார். "இது பாண். நான் கேட்டது ரொட்டி" என்றேன். "இதாம்மா ரொட்டி" என்றார். எங்கள் தோட்டத்தில் ரொட்டி என்றால் கோதுமை மாவையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து கல்லில் தட்டிப் போடுவது. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினோம், ஆனாலும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். இந்தப் பயணத்தில் என் வாயால் நடந்த தவறுகளில் ஆகச் சின்னது அதுதான்.

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பிரிவிலும் நான் எடுக்காத பிள்ளை குறைவு. எந்தப் பிள்ளை எந்த மழையில் பிறந்தது, தலை முன்னால் வந்ததா கால் முன்னால் வந்ததா, கேட்டால் நின்ற இடத்தில் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மேல்கணக்குப் பாக்கியத்தின் அம்மா சாகக் கிடந்தபோது தன் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்து, "எம் மககிட்டக் குடுத்துருங்கம்மா" என்றாள். பாக்கியம் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், கீழ்க்கணக்கு ராசம்மாவின் குடும்பத்தோடு இந்தியா போய்விட்டவள். கொடைக்கானல் மலையில் இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. யாருடைய குடும்ப அட்டையில் பேர் சேர்த்துப் போனாள், எப்படிப் போனாள் என்று நான் விசாரித்ததில்லை. அன்றைக்கு விசாரித்திருக்கலாம். அப்படித்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், வயது அறுபதைத் தொட்ட பிறகு கடல் தாண்டினேன்.

மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. தை மாதத்திலா இப்படி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். காப்பி மட்டும் அபாரம். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தோட்டத்தில் கிடைப்பது என்னவோ தூசித் தேயிலைதான். இங்கே டம்ளரில் நுரை தள்ளக் காப்பி கொடுக்கிறான், அதையும் உட்கார்ந்து குடிக்கச் சொல்கிறான்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிய பஸ், ஒரு கொண்டை ஊசி வளைவில் புகைவிட்டு நின்றுபோனது. கண்டக்டர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். டிரைவர் தண்ணீர் தேடிப் போனார். "ஏலே, வெரசா வாலே, சோலி கெடக்கு" என்று ஒரு பூண்டு வியாபாரி அவர் முதுகுக்குப் பின்னால் கத்தினார். நாங்கள் எல்லோரும் இறங்கி ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த பெண், கமலா ஆரஞ்சு உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். பெயர் சரோஜா. என் பேச்சைக் கேட்டதுமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"நீங்க சிலோனாம்மா? எந்தத் தோட்டம்? மேக்கணக்கா, கீழ்க்கணக்கா?"

எங்கள் சனம் சந்தித்துக்கொண்டால் பெயர் கேட்பது கடைசியில்தான். தோட்டம், கணக்கு, எத்தனையாவது லயத்து வீட்டு வரிசை, யார் மகள், இத்தனையும் கேட்டு ஆளை அவரவர் இடத்தில் உட்கார வைத்த பிறகுதான் மற்றப் பேச்சு. அந்நிய ஊரில் அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. சரோஜா சின்ன வயசில் வேறொரு தோட்டத்திலிருந்து வந்தவள். இப்போது இருப்பது பெருமாள்மலையிலிருந்து வடகவுஞ்சி போகிற வழியில் உள்ள சிலோன் காலனி. நான் போக வேண்டிய இடமும் அதுவேதான்.

"யாரு வீட்டுக்கும்மா?"

"பாக்கியம்னு ஒரு புள்ள. ராசம்மாவோட இருக்கா."

"அட, நம்ம ராசம்மாக்கா தங்கச்சியா! எனக்கு அடுத்த வீடுதாம்மா."

தங்கச்சி என்ற சொல் என் காதில் இடறவே இல்லை. நம் ஊரில் யார்தான் யாருக்குத் தங்கச்சி இல்லை? நான் பாட்டுக்குப் பாக்கியத்தின் அம்மா செத்த கதையையும் தோட்டுக் கதையையும் சொன்னேன்.

"அவுங்க அம்மா சின்ன வயசுலேயே தவறிப்போச்சுன்னுல்ல ராசம்மாக்கா சொல்லும்?" என்றாள் சரோஜா.

"அது ராசம்மாவோட அம்மா. பாக்கியம் அம்மா வேற. அவ மேக்கணக்கு, இவ கீழ்க்கணக்கு. ரெண்டு பேரையும் இந்தக் கைதான் எடுத்துச்சு. ராசம்மா கால் முன்னால வந்தவ, பாக்கியம் பொறந்தப்ப அழவே இல்ல, நான்தான் குண்டியில ரெண்டு போட்டேன். பதினேழு நாள்தான் இடைவெளி."

சரோஜாவின் விரல் ஆரஞ்சுத் தோலில் அப்படியே நின்றது. "பதினேழு நாளா?"

"பதினேழு. எனக்கு ஒரு நாள் பிசகாது" என்றேன் பெருமையாக. அதற்குள் டிரைவர் தண்ணீரோடு வந்துவிட்டார். அதன் பிறகு சரோஜா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மலை ஏறினால் சிலருக்குத் தலை சுற்றும், அதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

காலனியில் இருபது இருபத்தைந்து வீடுகள், ஒரே குழாய். வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கிற வேலை, பூண்டுக் காட்டில் கூலி வேலை, இவைதான் பிழைப்பு. பாக்கியம் என்னைக் கட்டிக்கொண்டு அம்மாவை நினைத்து அழுதாள். ராசம்மா அழவில்லை, அடுப்பில் கல்லைப் போட்டாள். எனக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து ஏங்கின ரொட்டி! இந்தக் குளிருக்கு அது தொண்டையில் இறங்கிய சுகத்தைச் சொல்லி முடியாது. எங்கள் அட்டன் குளிர் ஈரக் குளிர், எலும்புக்குள் போய் உட்காரும். இந்த மலைக் குளிர் காய்ந்த குளிர், உதட்டைத்தான் கிழிக்கும்.

விளக்கேற்றியதும் தோட்டை எடுத்துப் பாக்கியத்திடம் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் காதில் போடவில்லை. ராசம்மாவைத் தன் பக்கம் திருப்பி, மயிரை ஒதுக்கி, அவள் காதில் போட்டுத் திருகினாள். "அம்மா இத உனக்குத்தான் குடுத்துருக்கும்" என்றாள். ராசம்மா அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் ஒருத்தி அங்கே இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் செய்தது என்ன தெரியுமா? என் பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான். அந்தப் பாயில் கிடந்தபோது கணக்கப்பிள்ளை மகன் ஒருவனின் நினைவு வந்தது. எங்கள் தோட்டத்து டிரைவர் ஒருவனோடு அவனைப் பார்த்துவிட்டார்கள் என்று கட்டி வைத்து அடித்தார்கள். காயத்துக்கு மருந்து போட்டது நான். போட்டுக்கொண்டே, "இனியாவது ஒழுங்கா இரு" என்றேன். ஒரு மாதத்தில் தோட்டத்தை விட்டே போய்விட்டான். அவன் பிறந்த நாளும் எனக்குத் தெரியும். போன இடம் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு ஏரியைக் காட்ட வேண்டும் என்று பாக்கியம் பிடிவாதம் பிடித்தாள். கொடைக்கானல் டவுன் முழுக்கப் புதுசாய்க் கல்யாணமானவர்கள். பளபளக்கிற சேலையும் கம்பளிக் குல்லாயுமாக மனைவி, அவள் தோளில் கை போட்டபடி கணவன். ஏரிக்கரையில் ஒரு போட்டோக்காரர், "சார், கொஞ்சம் குளோசா நில்லுங்க, மேடம், ஸ்மைல்!" என்று தொண்டை கிழிய அவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஓட்டல், படகு, குதிரை, யூகலிப்டஸ் தைலம், எல்லாம் ஜோடிகளை நம்பியே ஓடுகிறது அந்த ஊர்.

என் இரண்டு பிள்ளைகளும் ஒரு முழம் விட்டு நடந்தார்கள். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ரோட்டில் ஒரு முழம் விட்டு நடந்தார்கள். ஏழெட்டு வருஷமாக அளந்து பழகிய முழம். எங்களைப் பார்த்துப் போட்டோக்காரர், "அக்கா தங்கச்சியா? அம்மாவை நடுவுல விட்டு நில்லுங்க, பேமிலி போட்டோ எடுத்துரலாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள். பஸ் நின்ற இடத்தில் சரோஜா சொன்ன தங்கச்சி என்ற சொல் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஊருக்கு நீங்க அக்கா தங்கச்சியா?" என்று கேட்டேன்.

ராசம்மா வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்பாவுக்கு இந்தியப் பிரஜை என்று பதிவாயிற்று. பாக்கியத்தின் குடும்பம் அங்கேயே தங்க எழுதிக் கொடுத்துவிட்டது. கடல் நடுவில் வந்துவிடும். ராசம்மா தன் அப்பா காலில் விழுந்து அழ, அந்த மனிதர் குடும்ப அட்டையில் பாக்கியத்தை இளைய மகள் என்று எழுத வைத்துவிட்டார். வந்த மூன்றாம் மாதம் செத்தும் போனார். அந்த அட்டையின் பேரில் கிடைத்ததுதான் இந்த வீடு. "அக்கா தங்கச்சின்னா ஒரு வீட்டுல இருக்கலாம்மா. ஒரு போர்வையில படுக்கலாம். ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான். காலனித் தலைவருகூடப் பாக்கியத்த ரெண்டாந்தாரமாக் கேட்டாரு. அக்காக்காரி சம்மதிக்கலன்னு சொன்னதும் போயிட்டாரு. அந்த ஒரு சொல்லுலதாம்மா எங்க பொழப்பு ஓடுது."

நான் பஸ் நின்ற கதையைச் சொன்னேன். ஆரஞ்சைப் பற்றியும் பதினேழு நாளைப் பற்றியும் சொன்னேன். ராசம்மாவின் கையிலிருந்த கடலை அப்படியே இருந்தது. பாக்கியம் மட்டும், "போனாப் போகுதும்மா, சரோஜா நல்லவதான்" என்றாள்.

சரோஜா நல்லவள்தான். ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். நாங்கள் திரும்பியபோது குழாயடியில் பேச்சு நின்றது. பாக்கியம் குடத்தை வைத்ததும் வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். யாரும் திட்டவில்லை. தகரக் குடம் கல்லில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேட்டு ஊர்க்காரர்கள் இந்தக் காலனிச் சனத்தைச் சிலோன்காரன் என்று சொல்லித் தங்கள் கிணற்றுப் பக்கம் விடுவதில்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று என்னிடம் அன்று காலையில்தான் ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள். சாயங்காலம் குடத்தை முதலில் நகர்த்தியவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் கூட்டம் போட்டார். பெண்டாட்டி செத்து மூன்று வருஷமான மனிதர், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள்.

"அம்மா, எங்க சனத்துக்கே தாய் மாதிரி நீங்க. பொய் சொல்ல மாட்டீங்க. இவுங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துப் புள்ளைங்களா?"

"ஆமா" என்றேன்.

"பஸ்ல பதினேழு நாளுன்னு சொன்னீங்களேம்மா" என்றாள் சரோஜா, தலையைக் குனிந்துகொண்டு.

"ரெட்டைப் புள்ளைங்க" என்றேன்.

கூட்டமே சிரித்தது. "பதினேழு நாள் கழிச்சுப் பொறக்குற ரெட்டையா? அங்கன தேயிலை மாதிரி தவணைக்குத் தவணை பறிப்பீங்களாம்மா?" என்று ஒருவன் கேட்டான். ஆயிரம் பிள்ளை எடுத்த மருத்துவச்சிக்கு ஒரு பொய்ப் பிரசவம் சொல்லத் தெரியவில்லை.

தலைவர் கையமர்த்தினார். "நான் அசிங்கமாப் பேச மாட்டேன். வயசுக்கு வந்த புள்ளைங்க இருக்குற எடம் இது. ரெண்டு பொம்பளைங்க ஒரு மாதிரியா இருக்காங்கன்னு வெளிய தெரிஞ்சா, நம்ம வீட்டுல எவன் வந்து பொண்ணெடுப்பான்? ஏற்கெனவே சிலோன்காரன்னு நம்மள ஒதுக்கி வச்சிருக்கானுங்க."

ஒரு மாதிரி. அவர்களிடம் இருந்த ஒரே சொல் அதுதான். திட்டுவதற்குக்கூட ஒரு பெயர் வைக்கவில்லை. கொலை செய்தவனைக் கொலைகாரன் என்கிறோம், திருடியவனைத் திருடன் என்கிறோம். ஒருத்தியை ஒருத்தி நேசித்தால் ஒரு மாதிரி.

"பாக்கியம் ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டா எல்லாம் முடிஞ்சிரும். ஆளும் இருக்கு" என்றார் தலைவர். "இல்லாட்டி அட்டையே பொய்யின்னு மனு போயிரும். வீடும் போகும், போலீசும் வரும்."

"யாரு தலைவரே அந்த ஆளு?" என்றாள் ராசம்மா. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை.

"எங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேக்குறீங்களே. உங்க வீட்டுல நடந்தத நாங்க எப்பவாச்சும் கேட்டமா? உங்க சம்சாரம் மண்ட ஒடைஞ்சு, ரத்தம் ஒழுக ஒழுக எங்க வீட்டுக்குத்தான் ஓடியாந்துச்சு. பாக்கியம்தான் துணி சுத்துச்சு. அப்பக்கூட நாங்க கேக்கலியே. அந்த வீட்டுக்கா இவள அனுப்பச் சொல்றீங்க?"

சரியாகக் கேட்டாள் என்று நான்கு பேராவது நினைத்திருப்பார்கள். நினைத்ததோடு சரி. தலைவர் புதன்கிழமை வரை தவணை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை பூண்டுக் காட்டுக்கு ஆள் எடுக்க வந்த மேஸ்திரி எல்லா வீட்டு வாசலிலும் கூப்பிட்டார், இந்த வீட்டைத் தாண்டிப் போனார். அன்று மத்தியானம் பாக்கியம் வீட்டுக்குப் பின்னால் தாங்கள் போட்டிருந்த பூண்டுப் பாத்திக்குக் கடைசியாகக் களை எடுத்தாள். பிடுங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. "எதுக்கும்மா இப்ப களை?" என்று கேட்டேன். "கெடக்கட்டும்னு விட முடியலம்மா" என்றாள். பிடுங்கப் போவது யார் என்று அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வெள்ளனே கிளம்பினோம். பஸ்ஸில் போனால் காலனிச் சனம் யாராவது ஏறும், எங்கே இறங்குகிறோம் என்று பார்க்கும். அதனால் பூண்டு லாரி ஒன்றில் பெருமாள்மலை வரை வந்து, அங்கிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்குகிற பழைய பாதையில் நடந்தோம். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு மூட்டை. என் பையையும் பாக்கியமே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் அழுதது. இரண்டு பேரும் மாறி மாறி என் கையைப் பிடித்து இறக்கினார்கள். யாரும் பார்க்காத காட்டு வழியில் அந்த ஒரு முழம் இல்லை. நான் நடுவில் இல்லாத நேரமெல்லாம் கை கோத்துத்தான் நடந்தார்கள்.

அடுக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் எனக்கு அது உறைத்தது. நடுப் பாதையில் நின்றுவிட்டேன். பெரியப்பா மகள், சித்தப்பா மகள்! இரண்டு அப்பன்மாரும் அண்ணன் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா வேறாக இருக்கலாம், கணக்கு வேறாக இருக்கலாம், பதினேழு நாள் என்ன, பதினேழு நிமிஷம் இடைவெளி இருந்தாலும் அக்கா தங்கச்சிதான். அட்டையில்கூட, தகப்பனில்லாத தம்பி மகளைத் தன் மகளாக எழுதினார் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? நம் முறையிலேயே அந்தப் பொய்க்கு இடம் இருந்தது. எல்லோருக்கும் முறை சொல்கிற எனக்கு, வேண்டிய நேரத்தில் அந்த முறை வாயில் வரவில்லை. சொல்லி அழுதேன். ராசம்மா கேட்டுக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அடுக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். வீட்டுக்காரப் பெண் மோரே கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "எங்கிட்டுருந்து வாறீங்க? நீங்க ரெண்டு பேரும் என்ன மொற வேணும்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ராசம்மா, "அக்கா தங்கச்சி" என்றாள்.

"அதான பாத்தேன். மொகச்சாடையே சொல்லுதே" என்றாள் அந்தப் பெண்.

ராசம்மா கறுப்பு, நீள முகம். பாக்கியம் மாநிறம், உருண்டை முகம். ஒரு சாடையும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் இன்னொரு செம்பு மோர் ஊற்றினாள், உட்கார்ந்து போங்க என்று சாக்கை விரித்தாள். அதே இரண்டு பேர்தான். மலைக்கு மேலே குடத்தை நகர்த்தினார்கள், இங்கே மோர் கிடைத்தது. எனக்கு அந்த மோர் கசந்தது.

பெரியகுளம் பஸ் நிலையத்தில் நான்கு திசைக்கும் பஸ் நின்றது. என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட வந்தார்கள். ராசம்மா காதில் தோடு மின்னிக்கொண்டிருந்தது. "எந்த ஊருக்கும்மா போறீங்க? ஒரு வெலாசம் குடுங்க, கடுதாசி போடுறேன்" என்றேன். பாக்கியம் ராசம்மாவைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டோம்மா" என்றாள் ராசம்மா. குரலில் கோபமே இல்லை. "நீங்க நல்லவங்க. யாராச்சும் கேட்டா சொல்லிருவீங்க."

பாக்கியம் என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு விட்டாள். இருவரும் போனார்கள். எந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று தெரியக் கூடாது என்பதற்காகப் பழக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவர்களுக்காக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

திரும்புகிற கப்பலில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருத்தி என்னைக் கண்டுகொண்டாள். மூன்றாவது லயத்துக்காரி, உறவுக் கல்யாணத்துக்கு வந்து திரும்புகிறாள், கூடப் புருஷனும் இருந்தான். எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மருத்துவச்சியம்மா, நம்ம மேக்கணக்குப் பாக்கியம் இந்தப் பக்கந்தான போனா. எங்கன இருக்கா, எப்பிடி இருக்கான்னு ஏதும் தெரிஞ்சுதா?"

"எந்தப் பாக்கியம்?"

"என்னம்மா இப்பிடிக் கேக்குறீங்க? நீங்க எடுத்த புள்ளதான். பொறந்தப்ப அழவே இல்லன்னு நீங்கதான சொல்லுவீங்க."

"ஞாபகம் இல்லையே" என்றேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "பாவம், அம்மாவுக்கு மறதி வந்துருச்சு" என்றாள்.